சிவப்புப் பொட்டு, நீலப் பொட்டு

திண்டிவனத்தில் அவரை எல்லோரும் 'பைலட்' என்றுதான் சொல்வார்கள். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். பரணிலிருந்து ஒரு பித்தளைத் தவலையை இறக்குவதென்றாலும் மனைவியை ஏற்றிவிட்டு, கீழே நின்று உத்தரவு போடுவார். விமானத்தில் அவர் போனதில்லை. போகும் ஆசையும் இருந்ததில்லை. "மேல போறது போறவன் கவலை. எனக்குக் கீழ எறங்கினது போதும்" என்பார். விழுந்து நொறுங்கியதையும் 'இறங்கினது' என்ற கணக்கிலேயே அவர் சேர்த்திருந்தார்.

தொழில், பல்செட் கட்டுவது. பட்டம் எதுவும் கிடையாது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரப் பல் வைத்தியரிடம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் வீடும் கடையும் ஒன்றுதான். தன் கைவேலையின் விளம்பரமாக அவரே மேலும் கீழும் முழுசெட் போட்டிருந்தார். அவசரமாகப் பேசினால் மேல் வரிசை ஒரு சொல் பின்தங்கி வரும்.

வீட்டின் பின்புறம் ஓலைக் கொட்டகை. அதற்குள் ஒரு சண்டை விமானத்தின் முன்பாதி நின்றது. யுத்த காலத்தில் இந்தப் பக்கம் பறந்த ஹரிக்கேன் என்ற ரகம். விமானியின் இருக்கை, கால்மிதிகள், பிடிகோல், மீட்டர்ப் பலகை, அதற்கு முன்னால் இரும்புக் குழாய்ச் சட்டம். இருக்கைக்குப் பின்னால் விமானம் முடிந்துவிடும். அங்கே எருமை கட்டியிருந்தது. 'இன்ஜினுக்குத் தவிடு வச்சாச்சா?' என்று தெருக்காரர்கள் விசாரிப்பார்கள்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் யுத்தத்துக்காக ஓர் ஓடுதளம் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அங்கே கழித்துக் கட்டிய சாமான்கள் விழுப்புரத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அவர் அங்கே போய்ப் பொறுக்கினார். கிடைக்காத பாகத்தைப் பல் செய்யும் முறையிலேயே செய்தார். யாரிடமாவது அசல் இருந்தால் இரவல் வாங்கி, சாந்தில் அச்சு எடுத்து, மெழுகில் வார்த்து, கடைசியில் ஈறு செய்யும் அக்ரிலிக் பொடியைப் போட்டு வேகவைப்பார். அதனால் அந்த மீட்டர்ப் பலகையில் இருந்த குமிழ்களில் முக்கால்வாசி ஈறு நிறம். முதன்முதலில் பார்த்தபோது யாரோ என்னைப் பார்த்து வாயைத் திறந்து இளிப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது.

ஒவ்வொரு சாமானிலும் ஒரு பொட்டு இருக்கும். விமானத்தோடு பிறந்ததற்குச் சிவப்பு, தான் செய்ததற்கு நீலம். பெயிண்டில் தீக்குச்சியை முக்கி வைப்பார். இதில் அவருக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. எவ்வளவு நேர்த்தியாக வந்த போலிக்கும் நீலம்தான். நெளிந்து துருப்பிடித்த ஆணியானாலும் அசலுக்குச் சிவப்புத்தான்.

அவரை எனக்கு நயா பைசா வந்த வருஷத்திலிருந்து தெரியும். முதல் முறை பல் பிடுங்கியதற்கு அணாவில் கொடுத்ததும், இரண்டாம் முறை புதுக் காசில் கொடுத்ததும் நினைவிருப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். நான் அப்போது கிளை நூலகத்தில் வேலையிலிருந்தேன். தேதி என்றால் எனக்கு உயிர். அவருக்கு அது நீலப் பொட்டுச் சமாசாரம். "என் பொறந்த நாளே எங்கப்பன் ஸ்கூல்ல சேக்கறப்போ அடிச்சு வுட்டதுதான், லைப்ரரி. அதுக்கு இன்னா பொட்டு வைப்பே?" என்று கேட்டார். கடைசிவரை என்னை 'லைப்ரரி' என்றே கூப்பிட்டார்.

பொட்டுப் பழக்கம் கொட்டகையோடு நின்றிருந்தால் ஊருக்குத் தொந்தரவில்லை. கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பொண்ணு சடை இடுப்புக்குக் கீழ நீலம்" என்றார். மூன்று வரிசைக்குக் கேட்டது. பெண்ணின் தாய்மாமன் எழுந்து வந்தார். நாங்கள் சாப்பிடாமல் திரும்பினோம்.

பல்செட்டுகளிலும் உட்புறம், அண்ணத்தில் ஒட்டும் இடத்தில், நீலப் பொட்டு இருக்கும். வளவனூரிலிருந்து ஒரு கரும்பாலைக்காரர் இரண்டாம் கல்யாணத்துக்காக முழுசெட் கட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் காரில் வந்து இறங்கினார்.

"யோவ், அவ டம்ளர்ல பாத்துட்டு, 'இது இன்னாங்க பொட்டு'ன்னு கேக்கறாய்யா!"

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கம்பெனி முத்திரைன்னேன். கம்பெனி எதுக்குப் பல்லு செய்யுதுன்னு கேக்கறா! ஜல்தியா அத்தச் சொரண்டி வுடு."

"சொரண்டலாம். ஆனா பல்லு அப்பவும் டூப்ளிகேட்டாத்தானே இருக்கும்?"

கரும்பாலைக்காரர் பல்லைக் கடித்தார். அதையும் இவர்தான் கட்டியிருந்தார். நன்றாகக் கடிபட்டதாக இவருக்கு அதில் ஒரு திருப்தி.

அவர் மனைவியிடம் நான் ஒருமுறை, இவரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்னா பண்றது தம்பி? கல்யாணத்தன்னிக்கே தாலியத் தொட்டுப் பாத்து, 'இது செவப்புதான்'னு சொன்ன மனுசன். சரி, நம்மளத்தான் சொல்றாருன்னு நெனச்சிக்கினு சந்தோசப்பட்டேன்" என்றார் அந்த அக்கா.

சண்டை விமானத்தில் எல்லாம் ஒருவாறு கூடிவந்துவிட்டது, மூக்கு ஒன்றைத் தவிர. மூக்கு என்றால் விசிறிக்கு முன்னால் கூம்பு மாதிரி ஒன்று இருக்குமே, அது. அது இல்லாமல் அந்த விமானம் பாதி செதுக்கிய பென்சில் போல மொட்டையாக நின்றது. ஏழெட்டு வருஷம் அவர் தேடியது அதைத்தான். பல் பிடுங்க வருகிறவர்களிடம், அவர்கள் பதில் சொல்ல முடியாதபடி வாயில் இடுக்கியை வைத்துக்கொண்டு, "உங்க ஊருப் பக்கம் கூம்பு மாதிரி எதாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார்.

செய்தி விழுப்புரத்துப் பழைய இரும்புக் கடை பாயிடமிருந்து வந்தது. சீனச் சண்டை முடிந்து அடுத்து வந்த தை மாதம். அந்த பாய்க்கும் இவருக்கும் பழைய பகை கலந்த சிநேகம். டிராக்டர் மீட்டரை விமான மீட்டர் என்று தலையில் கட்டப் பார்ப்பார் பாய். இவர் மோந்து பார்த்தே, "இது வயல்ல ஓடினது" என்று திருப்பி வைப்பார்.

"அசல் மூக்கு ஒண்ணு இருக்குது. ஆனா என்னால வாங்கித்தர முடியாது" என்றார் பாய்.

"இன்னா வெல சொல்றான்?"

"வெலயா? அவங்க அதுக்குப் பொங்க வச்சுக்கினு இருக்காங்க. கண்டாச்சிபுரம் தாண்டி ஒரு ஊரு. அது அங்க சாமி. போய்ப் பேஜாரு பண்ணி அடி வாங்கிக்கினு வராதீங்க, சொல்ட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் ஒரு வேப்பமரம். அதன் அடியில், கூர் மேலே பார்க்க, இரண்டடி உயரத்தில் அந்தக் கூம்பு. மஞ்சளும் எண்ணெயும் குங்குமமும் வருஷக்கணக்காக ஏறி, அலுமினியம் என்று யாரும் சொல்ல முடியாது. சுற்றிலும் சிவப்புச் சேலை. இவர் பார்த்த மாத்திரத்தில் உட்கார்ந்துவிட்டார். கும்பிடுகிறார் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். திருகாணித் துளைகளைப் பார்க்க அவர் குனிந்திருந்தார்.

பூசை செய்கிறவர் அஞ்சலை என்ற அறுபது வயது அம்மாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கதையைச் சொன்னார். யுத்தத்தில் ஒரு விமானம் அவர்கள் கொல்லையில் வந்து விழுந்ததாம். வெள்ளைக்காரப் பையன் சிராய்ப்போடு எழுந்து வந்து கேப்பைக் கூழ் குடித்துவிட்டுப் போனானாம். பட்டாளத்தார் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். இது மட்டும் வரப்புக்குள் புதைந்து தப்பிவிட்டது. தோண்டி எடுத்த அன்று சாயங்காலம் மூன்று வருஷமாக வராத மழை வந்தது.

"வானத்திலேர்ந்து வந்தவ. சும்மா வுட முடியுமா?" என்றார் அஞ்சலை.

"அது ப்ளேனோட மூக்கும்மா" என்றார் இவர்.

"இருக்கட்டுமே. அவளுக்கு மூக்கு இல்லாம இருக்குமா?"

இவர் சாமி கும்பிடாதவர், பொங்கலுக்குக்கூடக் கோயில் பக்கம் போகாமல் கறுப்புச் சட்டையில் திரிகிறவர். ஆனால் கூம்பின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து இரண்டு இடத்தில் பொத்தல் விழுந்திருந்ததைப் பார்த்துவிட்டார். பல் வைத்தியர் குரல் வந்துவிட்டது. "அடியில சொத்தை வச்சிருக்குது. இப்படியே உட்டா நாலு வருசத்துல உதுந்துபோவும்."

அஞ்சலைக்குப் பயம் பிடித்தது. பேச்சு அங்கிருந்துதான் வளர்ந்தது. இதே அளவில், இதே உருவத்தில், கெட்டியாகப் புதிது ஒன்று அவர் செய்து தருவது. வேப்பமரத்தடியில் அதை வைத்துவிட்டு, சொத்தை விழுந்ததை அவர் கொண்டுபோவது. அஞ்சலை இரண்டு நாள் யோசித்து, ஊரைக் கேட்டு, சரி என்று சொல்லியனுப்பினார். சாமி சிலைக்குக் கவசம் செய்ய அளவெடுப்பதில்லையா, அதைப் போலத்தான் என்று ஊர் சமாதானப்பட்டுக்கொண்டது.

அளவெடுக்கப் போன அன்று அவர் பண்ணிய தவற்றைப் பல் கட்டுகிறவன் மட்டும்தான் பண்ணியிருக்க முடியும். எந்த வாயையும் அவர் உள்ளபடியே அச்செடுத்துப் பழகியவர். அழுக்கைச் சுரண்டினால் சாமி குத்தம் என்று அஞ்சலை சொன்னதும், மறுபேச்சில்லாமல் மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றின் மேலும் வாளி வாளியாகச் சாந்தைப் பூசி அச்செடுத்தார். அச்சை விழுப்புரத்தில் ஒரு பாத்திரக் கொல்லரிடம் கொடுத்தார். கொல்லர் மகா யோக்கியர். அச்சில் இருந்ததையெல்லாம் அப்படியே தகட்டில் தட்டி எடுத்துவிட்டார். வந்த கூம்பில், நெற்றி என்று சொல்லக்கூடிய இடத்தில், வருஷக்கணக்கான குங்குமம் புடைத்த மாதிரியே ஒரு புடைப்பு.

"இது ஹரிக்கேன் மூக்கு இல்லண்ணா. அம்மன் முகம்" என்றேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டூப்ளிகேட்லயே இதான் லைப்ரரி ஒஸ்தி. பருவோட வந்திருக்குது பாரு" என்று உள்பக்கம் நீலப் பொட்டு வைத்தார்.

மாற்றுவதற்கு ஆடி வெள்ளி குறித்தார்கள். கூழ் ஊற்றும் நாள். ஊரே வேப்பமரத்தடியில். அவர் புதுக் கூம்பைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த நீலப் பொட்டை அஞ்சலையிடம் மறைக்காமல் காட்டினார்.

"அம்மனுக்கு நீலப் பொட்டா?" என்று அஞ்சலை முகத்தைச் சுளித்தார். பிறகு, "உள்ளதானே, ஒழியுது. ஆருக்குத் தெரியப்போவுது" என்றார்.

புதுக் கூம்பை இறக்கி வைத்தார்கள். பழையதைவிடப் பளபளப்பு. பெண்கள் குலவை போட்டார்கள். பழையதைச் சேலையோடு தூக்கி அவர் கையில் கொடுக்க இரண்டு பேர் குனிந்தும்விட்டார்கள். அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஊர்த் தலைவரான நாட்டார், கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ந்தா பல்லுக்காரரே. ஊரு பயப்படுது. கற்பூரத்த அணைச்சு சத்தியமா ஒரு வார்த்த சொல்லிடு. இதான் எங்க ஆத்தா, வேற இல்லன்னு. கூழ ஊத்திடலாம்."

தட்டில் கற்பூரம் எரிந்தது. அவர் கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். கற்பூரம் பாதி கரைந்தது. நான் பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன்: "உங்களுக்குத்தான் சாமியே கிடையாதே. சொல்லிட்டு வாங்க. எட்டு வருஷமாத் தேடினது கையில இருக்குது."

"சாமி இல்லன்றது வேற பேச்சு. ஒரிஜினலு இருக்குதே" என்றார்.

பிறகு நாட்டாரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அவங்க மாதிரியே இருக்கும் அய்யா. அச்சா அவங்கதான். ஆனா அவங்க இல்ல."

குலவை நின்றது.  அஞ்சலை புதியதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பழைய கூம்பை வாங்கி, இருந்த இடத்தில் வைத்து, சேலையைச் சுற்றினார். அடியில் இருந்த பொத்தல்களில் இரண்டு மஞ்சள் உருண்டையை அடைத்தார்.

"சொத்தையோட இருந்துட்டுப் போறா. ஒனக்கு அறிவு கிறிவு இருக்குதா? ஒரு பொய்யி சொல்ல வாய் வரல?"

"வாய் என்னோடது இல்லம்மா" என்று அவர் மேல் பல்வரிசையை நாக்கால் தட்டிக் காட்டினார். அந்த நிலைமையிலும் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். எங்களுக்குக் கூழ் கிடைத்தது. அடி கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் புதுக் கூம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடத்துநர், "இது இன்னா, கோயில் கலசமா?" என்று கேட்டார். "அதும் இல்ல" என்றார்.  மறுநாள் அதை விமானத்தில் மாட்டினார். நெற்றிப் பருவோடு அது அந்த ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்தது. எருமைக்கு மட்டும் பிடித்திருந்தது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு அடுத்த வருஷம் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. செப்டம்பர் மாதம். ரயில் பாதை ஓரமாக மின்சாரக் கம்பம் நட்டிருந்த காலம் என்பதால், அதையும் குண்டு போடத்தான் அடையாளம் வைக்கிறார்கள் என்று பேசிக்கொண்ட ஊர் எங்கள் ஊர். யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள்: பஸ் நிலையச் சந்தில் ஒருவன் சண்டை விமானம் ஒளித்து வைத்திருக்கிறான்.

ஒரு லாரியில் ஆறு பேர் வந்தார்கள். எந்த அலுவலகம் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. அதிகாரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ஈறு நிறக் குமிழ்களைப் பார்த்தார், பரு வைத்த மூக்கைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார். உதடு துடித்தது. சிரித்துவிடுவார் என்று தெரிந்தது.

அக்கா சமயம் பார்த்து முந்தினார். "எல்லாம் வூட்ல செஞ்சதுங்க. பல்லு செய்யற மாவு. தொட்டுப் பாருங்க. பைத்தியம் புடிச்ச மனுசங்க."

அதிகாரி ஒரு குமிழைத் திருகினார். கையோடு வந்தது. "சரிதான், பொம்மை" என்று திரும்பினார். ஆட்கள் லாரிப் பக்கம் நடந்தார்கள்.

"பொம்மை இல்ல சார்" என்றார் இவர்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அக்கா தலையில் கை வைத்தார்.

"நீலப் பொட்டு வச்சதுதான் சார் நான் செஞ்சது. செவப்புப் பொட்டு வச்சதெல்லாம் அசலு. பிடிகோல், சீட்டு, மேல நாலு மீட்டரு, மிதி ரெண்டு..." என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பொம்மை என்ற சொல்லை அவற்றின் மேல் ஏற்றுவது அவருக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அதிகாரிக்கு வேறு வழியில்லை. வேலையும் சுலபமாகிவிட்டது. சிவப்புப் பொட்டு இருந்ததையெல்லாம் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கழற்றுவதற்கு எந்தத் திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்றும் இவரே சொல்லிக் கொடுத்தார். நீலம் எல்லாவற்றையும் மரியாதையாக விட்டுவிட்டுப் போனார்கள்.

லாரி போனதும் அக்கா சந்தே கேட்கும்படி கத்தினார்: "வாய்ல இருக்கற பல்லெல்லாம் பொய்யி! வாய்ல வர்றது மட்டும் நெஜம்! ஒரு மனுசன் இப்படியா பொறப்பான்?"

அவர் கொட்டகையில் போய் நின்றார். இருக்கை போன இடத்தில் வெறும் சட்டம். மிச்சமிருந்த குமிழ்கள், மூக்கு, விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூண்டில் பாதி, எல்லாம் அவர் கையால் செய்தவை. எருமை ஓரடி முன்னால் வந்து இருக்கை இருந்த இடத்தில் படுத்துக்கொண்டது. அவர் விரட்டவில்லை. சண்டை முடிந்தது. சாமான்கள் வரவில்லை. கேட்கவும் போகவில்லை. போனால் யாரிடம் போவது என்று தெரியாது.

அந்தப் பொங்கலுக்கு அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை. மாசியில் ஒரு நாள் என் நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். படிக்க அல்ல. "அந்த அம்மா அன்னிக்கு மூக்கக் குடுத்திருந்தா, அதுவும் லாரியில போயிருக்கும் இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். மேசையைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஆடி வெள்ளிக்கு, நான் கூப்பிடாமலே, பஸ் நிலையத்தில் நின்றார். கறுப்புச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். வேப்பமரத்தடியில் கூழ் வரிசை நீண்டிருந்தது. கூம்பு அப்படியே இருந்தது. பொத்தலில் அடைத்த மஞ்சள் கல்லாக இறுகியிருந்தது. அஞ்சலைக்குச் சமாசாரம் முன்பே போயிருந்தது. பாய் சொல்லியிருப்பார்.

"எல்லாத்தையும் வாரிக்கினு போய்ட்டாங்களாமே?"

"ஆமாம்மா. ஒரிஜினல்னு இனி இது ஒண்ணுதான்."

அஞ்சலை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "வேணும்னா கேளு. இந்த தபா கற்பூரம் இல்லாம குடுக்கச் சொல்றேன். ஊரு கேக்கும்."

 அவர் கூம்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து துளைகளை எண்ணிப் பார்த்தார்.

"வேணாம். நம்ம வூட்டுக்கு வந்தா இதுக்கு நான் செவப்புப் பொட்டு வைக்கணும். லாரி வரும். இங்க நீங்களே செவப்புப் பொட்டு வச்சிருக்கீங்க. எவன் வந்து ஏத்துவான்?"

அஞ்சலை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். தட்டிலிருந்த குங்குமத்தில் கட்டை விரலை அழுத்தி, அவர் நெற்றிக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"நீயும் ஒரிஜினல்தான்யா. நில்லு."

கோயில் குங்குமத்தை அவர் நெற்றியில் நான் பார்த்ததே இல்லை. தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அஞ்சலையின் கையைப் பிடித்து நிறுத்தினார். மேல் வரிசையைக் கழற்றினார். கீழ் வரிசையைக் கழற்றினார். இரண்டையும் உள்ளங்கையில் நீலப் பொட்டு மேலே தெரியும்படி வைத்து, என்னிடம் பிடிக்கக் கொடுத்தார். கன்னம் உள்ளே விழுந்து, முகம் பாதியாகி, பொக்கை வாயோடு நெற்றியை நீட்டினார்.

"இப்போ வைம்மா."